வாடைக்கு ஒரு பெட்டி, கச்சானுக்கு ஒரு பெட்டி

கேள்வி:

நிலாவெளிப் பக்கம் கடற்கரையோரக் கிராமம் ஒன்றில் முன்பள்ளி நடத்துகிறேன் அக்கா. மூன்று வயது தொடக்கம் ஐந்து வரை 22 பிள்ளைகள். நானும் ஓர் உதவி ஆசிரியையும்தான். ஒரு மண்டபம், ஒரு விறாந்தை, வேப்பமரம் நிற்கிற சின்ன முற்றம், இவ்வளவுதான் இடம். இணையத்தில் இருந்து ஒரு வருடத் திட்டம் எடுத்து வைத்திருக்கிறேன். இளவேனில், கோடை, இலையுதிர் காலம், பனிக்காலம் என்று பிரித்துக் கிழமைக்கு ஒரு தலைப்புப் போட்டிருக்கிறார்கள். போன மார்கழியில் பஞ்சில் பனிமனிதன் செய்தோம். ஒரு பிள்ளை வீட்டில் போய், "ரீச்சர் இண்டைக்குத் தாடி செய்யப் பழக்கினவ" என்று சொல்லியிருக்கிறது! நம் ஊருக்குப் பொருந்துகிற மாதிரி பருவத் தலைப்புகளை எப்படிப் போடுவது? மழைக்காலத்தில் 22 பேரையும் உள்ளே வைத்து என்ன செய்வது? தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் சேர்ந்து இருப்பதால் பண்டிகைகளை எடுக்கவும் யோசனையாக இருக்கிறது. தாய்மாரோ, "எந்த நேரமும் விளையாட்டு, எழுத்து எப்ப?" என்கிறார்கள். சாமான் வாங்கக் காசும் இல்லை.

— ஒரு முன்பள்ளி ஆசிரியை, திருகோணமலை மாவட்டம்


பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

தாடி என்று சொன்ன பிள்ளைக்கு முதலில் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். வெள்ளைப் பஞ்சைக் கையில் கொடுத்து ஒரு வட்டத்தில் ஒட்டச் சொன்னால், நத்தார் பாப்பாவைக் கண்ட பிள்ளைக்கு அது தாடிதான். பனியைத் தொட்டறியாத பிள்ளை, தான் அறிந்த ஒன்றை எடுத்து அந்த இடத்தில் வைத்திருக்கிறது. கெட்டித்தனமான வேலை.

நானும் பனிமனிதன் செய்தவள்தான். படிப்பிக்கத் தொடங்கிய இரண்டாம் வருடம், மருந்துக்கடையில் பஞ்சுச் சுருள் வாங்கி ஒரு மார்கழி முழுக்க ஒட்டினோம். வெளியில் வாடைமழை. ஈரத்தில் பசை காயவே இல்லை. பனிமனிதர்கள் ஒவ்வொருவராகச் சுவரில் இருந்து வழுக்கிக் கீழே விழுந்தார்கள். அந்த மாதத்தில் பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரித்தது அதற்கு மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் யன்னலடியில் நின்று, முற்றத்துத் தண்ணீரில் தவளை பாய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பஞ்சுக்கு முன்னால் இருத்தினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நமக்குப் பருவம் நாலு கிடையாது. இலக்கியம் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு சொல்லும். அதைப் பெரிய வகுப்பில் படித்துக்கொள்ளட்டும். உங்கள் கரையில் வலை பொத்துகிற ஒருவரிடம் போய்க் கேளுங்கள். அவர் இரண்டு காற்றைச் சொல்வார், வாடை, கச்சான் என்று.

ஐப்பசி (ஒக்டோபர்) பிற்பகுதியில் இருந்து தை (ஜனவரி) வரை, சில வருடம் மாசி வரையும், வடகிழக்கில் இருந்து வாடை. வருடத்து மழையில் பெரும்பங்கை இந்த மூன்று நான்கு மாதத்துக்குள்ளேயே வானம் கொட்டித் தீர்த்துவிடுகிறது. கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் கரையில் ஏறிக் கிடக்கும். வைகாசியில் இருந்து புரட்டாதி வரை தென்மேற்கில் இருந்து கச்சான். அந்தக் காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே இறக்கிவிட்டு, நம்மிடம் வந்து சேரும்போது வெறும் வெக்கையாக வருகிறது. கடல் தட்டுப்போல் கிடக்கும். கரைவலைக்காரர் வருவார்கள், திமிங்கிலம் பார்க்க உல்லாசப் பயணிகள் வருவார்கள். இரண்டுக்கும் இடையில், சித்திரையை ஒட்டியும் ஐப்பசித் தொடக்கத்திலும், பின்னேரங்களில் இடிமழை.

இதில் பிள்ளைக்கு விளங்குகிற பகுதி எது தெரியுமா? வாடையில் அப்பா வீட்டில் இருப்பார். கச்சானில் விடியமுன்னம் போய்விடுவார். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பருவம் என்றால் முதலில் அதுதான். தம்பலகாமத்துப் பிள்ளைக்கு அதே மாதங்களில் அப்பா வயலில் நிற்பார். ஒரே மாவட்டத்துக்குள்ளேயே திட்டம் மாறவேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அச்சடித்த திட்டத்தை நான் தந்தாலும் வாங்காதீர்கள்.

ஆகவே 40 தலைப்பு வேண்டாம். இரண்டு பெட்டி வையுங்கள். ஓலைப்பெட்டியோ, பிஸ்கட் வந்த மட்டைப்பெட்டியோ. ஒன்று வாடைக்கு, மற்றது கச்சானுக்கு. அந்தக் காலத்தில் பிள்ளை கையால் தொடக்கூடிய சாமானும், செய்த வேலையைப் பற்றி நீங்கள் எழுதிய துண்டும் அந்தந்தப் பெட்டிக்குள் போகட்டும். இரண்டு வருடத்தில் உங்கள் ஊருக்கென்று ஒரு திட்டம் தானாகச் சேர்ந்திருக்கும்.

கிழமைக்கு ஒரு தலைப்பு என்ற ஓட்டத்தையும் விடுங்கள். திங்கள் "மீன்", அடுத்த திங்கள் "பழம்" என்று ஓடினால் ஆசிரியைக்குத்தான் களைப்பு. நான் செய்கிற முறை சின்னது. வெள்ளிக்கிழமை பிள்ளைகள் போனபின் பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஒரு நடை. என்ன விழுந்து கிடக்கிறது, என்ன முளைத்திருக்கிறது, ஒழுங்கையில் எதை விற்றுக்கொண்டு போகிறார்கள் என்று பார்த்து எழுதிக்கொள்வேன். அதில் ஒன்றை எடுப்பேன். அது பிள்ளையின் கைக்கு வரவேண்டும், அதைப் பற்றிச் சொல்ல வீட்டில் ஓர் ஆள் இருக்கவேண்டும். இரண்டும் சரி என்றால் இரண்டு கிழமைக்கோ மூன்று கிழமைக்கோ அதை விடுவதில்லை. முதல் கிழமை பிள்ளை தொட்டுப் பார்க்கும், சிந்தும், உடைக்கும். கேள்விகள் இரண்டாம் கிழமையில்தான் வரும். முதல் கிழமையோடு தலைப்பை மாற்றினால் கேள்வி வரமுன்னமே கடையைப் பூட்டின மாதிரி.

முன்பள்ளிக்கு எங்கள் பக்கம் இன்றும் "மொண்டிசோறி" என்றுதான் பெயர். மரியா மொண்டிசோறி 1907 இல் ரோமில் தன் முதல் சிறுவர் இல்லத்தைத் திறந்தவர். 1944 இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். அவர் பிள்ளைகளிடம் கொடுத்தது ஊற்றிப் பழக உண்மையான தண்ணீர், கூட்டிப் பழகக் கைக்கு அளவான தும்புத்தடி. அந்தப் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, உள்ளே 22 பேருக்கும் ஒரே படம் அச்சடித்து நிறம் தீட்டக் கொடுக்கிறோம்.

இப்போது வாடைப் பெட்டி.

இதில் முதல் சாமான் தண்ணீர். காசு கேட்காது. விறாந்தையில் இரண்டு பேசின், சிரட்டை, ஒல்லிப் போத்தல், அகலக் கோப்பை, ஒரு புனல், ஓட்டை போட்ட தகரப்பேணி. ஒரு கோப்பைத் தண்ணீரை ஒல்லிப் போத்தலில் ஊற்றுங்கள். அதே அளவு இன்னொரு கோப்பையை அகலப் பாத்திரத்தில் ஊற்றுங்கள். எதில் கூட என்று கேட்டால் நாலு வயதுப் பிள்ளை போத்தலைத்தான் காட்டும். கண் முன்னால் ஊற்றினாலும் காட்டும். சுவிற்சர்லாந்து உளவியலாளர் ஜோன் பியாஜே விரிவாக எழுதிய விடயம் இது. ஏழு வயதளவில்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது பிடிபடுகிறது. ஆகவே "பிழை" என்று சொல்லித் திருத்தப் போகாதீர்கள். திரும்பத் திரும்ப ஊற்ற விடுங்கள். அளவு என்பது கையில் ஏறுகிற வேலை அது.

பக்கம் நேரான ஒரு போத்தலை முற்றத்தில் வைத்து மழை அளக்கலாம். ஒவ்வொரு காலையும் தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஒரு நூல் வெட்டி, சுவரில் ஒட்டுங்கள். எண் தெரியாத பிள்ளைக்கும் எந்த நாள் பெரிய மழை என்று தெரியும். முதல் மழைக்கு மண்ணில் இருந்து வருகிற சிவப்புத் தம்பலப்பூச்சி, மரவட்டை, நத்தை, ஈர விறகில் முளைக்கும் காளான் எல்லாம் தாமாக வந்து நிற்கும். காளானைப் பார்க்கலாம், கை வைக்கக்கூடாது என்று முதலே சொல்லிவையுங்கள். குளத்துக் களிமண் ஒரு வாளி எடுத்து, கல்லும் வேரும் பொறுக்கி, ஈரச்சாக்கால் மூடி வைத்தால் மாதக்கணக்கில் பாவிக்கலாம். கடையில் விற்கிற நிறக் களியை நான் வாங்குவதே இல்லை. இரண்டு நாளில் எல்லா நிறமும் சேர்ந்து சேற்று நிறமாகிவிடும், பிறகு சேற்றையே காசு கொடுத்து வாங்கினதாக முடியும்.

22 பேர் உள்ளே என்ற சிக்கலுக்கு வருகிறேன். எல்லோரையும் ஒரே வேலைக்கு இருத்துவதுதான் அங்கே நெரிசல். ஐந்தாறு பேராகப் பிரியட்டும். விறாந்தைத் தண்ணீரில் உதவி ஆசிரியை நிற்கட்டும். ஒரு மூலையில் களிமண், ஒரு மூலையில் சுளகில் நெல்லும் அரிசியும் கலந்து பொறுக்கல், ஒரு பாயில் கதை. மணி அடித்து மாற்றவேண்டாம், பிள்ளையே எழும்பிப் போகட்டும். தண்ணீரிலேயே முழுக் காலையும் நிற்கிற பிள்ளை இருக்கும். நிற்கட்டும், மாற்றுச் சட்டை ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள்.

சிரட்டை என்று எழுதியவுடன் ஒன்று நினைவுக்கு வருகிறது. வேலை முடிந்ததும் எல்லாச் சிரட்டையும் குப்புற. 2017 இல் கிண்ணியாப் பக்கம் டெங்கு பட்டபாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதையே வாராந்த வேலையாக்குங்கள். வெள்ளிக்கிழமை காலை பிள்ளைகள் வரிசையாகப் போய், எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று தேடிக் கவிழ்க்கட்டும். என் அனுபவத்தில் அவர்கள் பெரியவர்களைவிட நன்றாகக் கண்டுபிடிப்பார்கள். வீட்டிலும் போய்க் கவிழ்ப்பார்கள், சில நேரம் அம்மா குடிக்க வைத்த தண்ணீரையும்.

மழையைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். சுனாமிக்கு அடுத்த வருடம் ஒரு முன்பள்ளியில் மழை விளையாட்டு நடத்தினேன். நானே தகர மூடியைத் தட்டி இடிபோல் சத்தம் எழுப்பினேன். ஒரு பெண்பிள்ளை மேசைக்குக் கீழே போனவள் வெளியே வரவில்லை. அவளின் அம்மம்மா வந்துதான் எடுத்தார். 2004 மார்கழி 26 இல் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நான் விசாரித்தே இருக்கவில்லை. இப்போது உங்களிடம் வருகிற பிள்ளைகள் அப்போது பிறந்தவர்கள் அல்ல. 2020 மார்கழியில் புரெவிப் புயல் உங்களுக்கு வடக்கே, குச்சவெளி, திரியாய்ப் பக்கத்தால் கரையேறியபோதும் இவர்களில் பலர் பிறந்திருக்கமாட்டார்கள். ஆனால் கடல் இரைந்தால் வீட்டில் யார் முகம் மாறுகிறது என்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டே வளர்கிறது. ஆகவே மழைத் தலைப்புக்கு முன் வீடு வீடாக ஒரு சொல் கேட்டுவையுங்கள். இடிச் சத்தம் வேண்டாம். ஓட்டில் விழுகிற தூறலை விரல் நுனியால் தட்டிக் காட்டினால் போதும். மழை வந்தால் எந்தக் கதவால் போவது, யாரின் கையைப் பிடிப்பது என்பதையும் விளையாட்டாகவே பழக்கலாம்.

கச்சான் பெட்டி எனக்கு அதிகம் பிடித்தது. (கச்சான் என்றதும் பிள்ளைகள் கடலையைத்தான் கேட்பார்கள். காற்றுக்கும் கடலைக்கும் ஏன் ஒரே பெயர் என்று கேட்டால் நானும் முழிப்பேன். ஆனால் கடலை விடயத்தில் கவனம்: ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முழுக் கச்சானைச் சாப்பிடக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் அடைக்கும். கோதோடு எண்ணவும் உடைக்கவும் கொடுக்கலாம், நீங்கள் பக்கத்தில் இருந்தால். ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் அதுவும் இல்லை.)

உப்பில் தொடங்குங்கள். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. கறுப்புத் தட்டு ஒன்றில் ஒரு விரல் தடிப்புக்குக் கடல்நீர் ஊற்றி, மெல்லிய சீலையால் மூடி வெயிலில் வையுங்கள். பக்கத்தில் கிணற்றுநீரோடு ஒரு தட்டு. கச்சான் காற்றுக்குச் சில நாளிலேயே வற்றிவிடும். ஒன்றில் வெள்ளைப் பொருக்கு, மற்றதில் பெரிதாக ஒன்றும் இல்லை. "ரீச்சர், தண்ணி எங்க போனது?" என்று ஒரு பிள்ளை கேட்கும். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். "பூனை குடிச்சது" என்று ஒன்று சொல்லும், "மண்ணுக்குள்ள போனது" என்று இன்னொன்று சொல்லும். பூனையா என்று பார்க்க அடுத்த நாள் தட்டை மேசைமேல் வைக்கலாமா என்று கேளுங்கள். ஒரு முன்பள்ளியில் இதே பூனையைப் பிடிக்க நாங்கள் ஒரு கிழமை காவல் இருந்தோம்.

பிறகு திமிங்கிலம். திருகோணமலைக் கடலுக்கு நீலத்திமிங்கிலம் வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும், எவ்வளவு பெரிது என்று பெரியவர்களுக்கே தெரியாது. 25 மீற்றர் கயிறு ஒன்றை முற்றத்தில் தொடங்கி ஒழுங்கை வரை இழுங்கள். நாலு வயதுப் பிள்ளை ஏறக்குறைய ஒரு மீற்றர் உயரம். உங்கள் 22 பேரும் தலையோடு கால் முட்டப் படுத்தாலும் வால் மிஞ்சும். நீங்களும் உதவி ஆசிரியையும் கூடப் படுத்தால்தான் கணக்குச் சரியாக வரும். படுங்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள். சிரித்தாலும் பரவாயில்லை.

மீன்: சந்தையில் ஒரு தட்டையான மீன், பாரையோ விளையோ வாங்கி, கழுவித் துடைத்து, ஒரு பக்கம் நிறம் பூசி, கடதாசியை வைத்து அழுத்தினால் செதிளும் செட்டையும் அப்படியே பதியும். பஞ்சில் பனி ஒட்டுகிற பிள்ளைக்கும் இதைச் செய்கிற பிள்ளைக்கும் வித்தியாசத்தை நீங்களே காண்பீர்கள். இந்தப் பிள்ளை "மீன்" என்ற படத்தில் இல்லாத முள்ளைக் கேட்கும், கண்ணை ஏன் மூடவில்லை என்று கேட்கும். மணத்தைப் பற்றி முறைப்பாடு வரும் என்றால் ஒரு எலுமிச்சம்பழமும் வாங்குங்கள். பனி காட்டத்தான் வேண்டும் என்று ஆசை இருந்தால், மீன்வாடியில் ஒரு கட்டி ஐஸ் கேளுங்கள். பேசினில் வைத்து மேலே உப்பைத் தூவி நிறத்தண்ணீர் சொட்ட விட்டால், உப்பு ஓட்டை போட்டுக்கொண்டு இறங்கும், நிறம் அந்த வழியே ஓடும். வாயில் மட்டும் வைக்கவிடாதீர்கள்.

கடற்கரை மணலில் கறுப்புக் கோடு கோடாகப் படிந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். வடக்கே புல்மோட்டையில் இல்மனைற்று எடுக்கிற மணலும் அந்த வகைதான். பழுதான ஒலிபெருக்கியின் வளையக் காந்தத்தைப் பொலித்தீனில் சுற்றி அந்த மணலில் வைத்தால் கறுப்புமணி ஒட்டிக்கொண்டு எழும்பும். பெரிய காந்தம் என்பது முக்கியம். விளையாட்டுச் சாமானில் வருகிற குண்டுமணிக் காந்தம் முன்பள்ளிக்குள் வரவே கூடாது. இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து உயிருக்கே ஆபத்து.

சிப்பி பொறுக்கலாம், கரையில் ஒதுங்கிய வெறும் சிப்பி மட்டும். பவளப்பாறைத் துண்டு வேண்டாம். எதிரே புறாத்தீவு 2003 இல் இருந்து தேசியப் பூங்கா. அங்கே போகிற மாமாமார் பிள்ளைக்கென்று எதையும் எடுத்துவரக்கூடாது என்று முதலே சொல்லிவிடுங்கள். எண்ணுவதற்கு விதை சேர்க்கும்போது குன்றிமணியைப் பொறுக்கி எறியுங்கள். பார்க்க வடிவு, உள்ளே கடும் நஞ்சு. அலரிப்பூவும் அப்படித்தான். மஞ்சாடியும் வேண்டாம், மூன்று வயதுப் பிள்ளை மூக்குக்குள் விடும். பெரிய கொட்டைகளே நல்லது: புளியங்கொட்டை ஐந்து வயதுக்காரருக்கு, சின்னவர்களுக்குப் பனங்கொட்டை.

வெளிவேலை எல்லாம் ஒன்பதரைக்கு முன். ஆனி, ஆடி வெக்கையில் பத்து மணிக்குமேல் பிள்ளைகளை மணலில் நிறுத்தாதீர்கள். பாலைப்பழம், நாவற்பழம் வருகிற காலம் அது. நிழலில் இருந்து நாக்கு ஊதாவா என்று கண்ணாடி பார்க்கலாம். முற்றத்து வேம்பை மறக்காதீர்கள். பங்குனியை ஒட்டி இலை கொட்டிப் பூக்கும், கச்சான் காலத்தில் பழம் விழும். இலையுதிர் காலத்துக்கென்று செம்மஞ்சள் கடதாசி வெட்டுகிற நேரத்தில் அந்தச் சருகைக் கூட்டிக் குவித்து அதற்குள் குதிக்க விட்டால் போதும்.

பண்டிகை விடயத்தில் பலர் இரண்டு பிழை விடுகிறோம். ஒன்று, பிரச்சினை வேண்டாம் என்று எதையும் எடுக்காமல் விடுவது. மற்றது, "எல்லோரும் ஒன்று" என்று ஒரே நாளில் குத்துவிளக்கையும் பிறையையும் வெசாக் வெளிச்சக்கூட்டையும் ஒரு மட்டையில் ஒட்டுவது. அது பெரியவர்களுக்கான படம். ஒவ்வொன்றையும் அதனதன் நாளில் எடுங்கள். அந்த வீட்டுக்காரரே வந்து செய்துகாட்டட்டும். பெருநாள் முடிந்த கிழமை ஒரு உம்மா வந்து மருதோன்றி அரைத்துக் காட்டட்டும். வெசாக்குக்கு ஒரு சிங்களத் தாய் மூங்கில் ஈர்க்கு வளைக்க, பிள்ளைகள் மெல்லிய கடதாசி ஒட்டட்டும். தைப்பொங்கலில் கோலம் போட அம்மம்மா ஒருவர். வழிபாடு வீட்டில் நடக்கட்டும். முன்பள்ளியில் மாவும் இலையும் வெளிச்சமும். சாப்பாடு வருகிறது என்றால் முதல் நாளே எல்லா வீட்டுக்கும் சொல்லி, யாருக்கு எது ஆகாது என்று கேட்டுவிடுங்கள்.

பொங்கலை "அறுவடை விழா" என்று படிப்பிக்கிறோம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தை 15 இல் தம்பலகாமத்துக்குப் போனால் பெரும்பாலான வயல் இன்னும் நிற்கும். பெரும்போக வெட்டு மாசி, பங்குனியில்தான் மும்முரம். ஆகவே நான் பொங்கலுக்குச் சூரியனையும் நிழலையும் எடுப்பேன், நெல்லை மாசிக்கு வைத்துவிடுவேன். ரமழானும் அப்படித்தான், அச்சடித்த திட்டத்தில் நிற்காது. ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் வரும்.

மூன்று வீட்டையும் இணைக்கிற ஒரு தலைப்பு உண்டு. நிலா. முழுநிலா நாளான போயாவுக்கு மாதாமாதம் விடுமுறை என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். பிறை பார்க்க வாப்பாவோடு மொட்டைமாடிக்கு ஏறின பிள்ளை இருக்கும். வெசாக் முழுநிலவில். அம்மாவாசைக்கு விரதம் இருக்கிற அப்பப்பாவும் இருப்பார். ஒரு மாதம் முழுக்க, முதல் நாள் இரவு நிலாவை எப்படிக் கண்டோம் என்று காலையில் ஒரு ரொட்டியைக் கடித்து உருவாக்கிக் காட்டட்டும். முகில் மறைத்தால் "தெரியவில்லை" என்று வெறும் தட்டு. இதற்கு வேண்டியது கோதுமை மா மட்டும், சாமானும் மிஞ்சாது.

இனி எழுத்து. தாய்மாரைக் குறை சொல்லாதீர்கள். முதலாம் வகுப்பில் பிள்ளை பின்னால் நின்றுவிடும் என்ற பயம் அவர்களுக்கு. கூட்டம் வைத்துப் பேசுவதால் அந்தப் பயம் போகாது. ஒரு காலை அவர்களை வரச்சொல்லி, நெல் பொறுக்க வையுங்கள், களியை உருட்ட வையுங்கள், ஈரச் சீலையைப் பிழிய வையுங்கள். எந்த விரல் நோகிறது என்று கேளுங்கள். பென்சில் பிடிக்கிற மூன்று விரலும்தான் நோகும். விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில்தானே எழுதுவிக்கிறோம்? அதையே தட்டில் கடல்மணல் பரப்பிச் செய்யுங்கள். ஐந்து வயதை நெருங்குகிறவர்களுக்கு ட, ப என்று நேர்கோட்டு எழுத்தில் தொடங்கலாம். "அ"வில் தொடங்குவது நம் வழக்கம், ஆனால் சுழியும் வளைவும் கோடும் ஒன்றாகச் சேர்ந்த அந்த எழுத்து சின்னக் கைக்குப் பெரிய சோதனை. மூன்று வயதுக்காரருக்குப் பயிற்சித் தாள் கொடுக்கவே வேண்டாம். இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

பிள்ளை சொன்ன வசனத்தை அப்படியே எழுதி, அவர் செய்த வேலைக்குக் கீழே ஒட்டிச் சுவரில் வையுங்கள். "தண்ணியப் பூனை குடிச்சது" என்று. கூட்டிப்போக வருகிற தாய் வாசிப்பார், பிள்ளை தன் சொல் எழுத்தாக நிற்பதைப் பார்க்கும். 22 சுவர்ப் படமும் ஒரே அச்சில் இருந்தால் அது உங்கள் கைவேலை. ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் கோணல்மாணலாக இருந்தால் பிள்ளைகளுடையது.

உங்கள் கடிதம் ஆவணியில் வந்திருக்கிறது. நல்ல நேரம். பனம்பழம் விழுகிற காலம் இது. இந்தத் திங்கட்கிழமையே ஐந்தாறு பழம் எடுங்கள். மணக்க விடுங்கள், பிசைய விடுங்கள், தும்பை இழுக்க விடுங்கள். ஒரு பழத்துக்குள் ஒரு கொட்டையா, இரண்டா, மூன்றா என்று உடைக்கமுன்னம் எல்லோரும் சொல்லவேண்டும். களியில் கொஞ்சம் பினாட்டுக்கு ஊற்றி வெயிலில் காயப்போட வீட்டில் யாராவது பாட்டியைப் பிடியுங்கள். கொட்டைகளைக் கழுவி, மணல்பாங்கான இடத்தில் பாத்தி எடுத்து அடுக்கி மூடுங்கள். வாடைமழை வந்து நனைக்கும். முளை மேலே வராமல் முதலில் கீழே போகும். அது பிள்ளைகளுக்குப் பெரிய அதிசயம், ஒன்றைத் தோண்டிக் காட்டுங்கள். முளைத்த கொட்டையை வெட்டினால் உள்ளே இருக்கிற வெள்ளைப் பருப்பு, பூரான், இனிக்கும். மார்கழி, தையில் கிழங்கு கிண்டலாம், அவித்துத் தின்னலாம். போன வருடம் பனிமனிதன் நின்ற அதே நாட்கள்.

பாத்தியை மட்டும் வேலியோரமாக எடுங்கள். முற்றத்து நடுவில் எடுத்தால், வளர்ந்துவிட்டதா என்று ஒவ்வொரு காலையும் கிண்டிப் பார்ப்பார்கள். வேலியோரமாக எடுத்தாலும் கிண்டுவார்கள். அதற்கென்று ஒரு பத்துக் கொட்டை கூடுதலாகப் புதைத்துவிடுங்கள்.